கரடிநாயும் யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லும்

மானிப்பாயிற் கிணறு வெட்டுவோர் காணும் சுண்ணக்கல் மயோசீன் காலத்திற் கடலடியிற் படிந்ததாகும். அதே காலத்தில் வட இந்தியாவின் சிவாலிக் நிலத்தில் அம்பிசையன் என்னும் ஊனுண்ணி உலாவியது. பிரெஞ்சு அறிஞர் லார்ட்டே 1836இல் இப்பேரினத்துக்குப் பெயரிட்டார். இந்திய இனத்தை லிடெக்கர் 1876இல் பல்லெச்சங்கொண்டு விவரித்தார். பற்கள் நாயினவற்றையும், பருத்த உடல் கரடியினதையும் ஒத்தமையால் இதனைக் கரடிநாய் என்பர். எனினும் அது நாயுமன்று, கரடியுமன்று. வழித்தோன்றலின்றி அழிந்த தனிக் குடும்பத்தது.

அதன் எலும்பை நமது கல்லில் தேடுதல் வீண். இக்கல் படிந்தபோது இவ்விடம் ஆழங்குறைந்த கடல். ஆதலின் கடலுயிர்களின் ஓடுகளையே அது காத்துவைத்துள்ளது. நிலவிலங்கின் எச்சம் கிடையாமையும் வரலாற்றுச் சான்றே. ஆனால், அவ்விடம் அன்று எவ்வாறிருந்தது என்று ஆராய்ந்தவர்க்கே அது சான்றாகும்.