கடற்கரைத் திருக்கோயில்களும் மணற்காவலும்

தமிழகத்தின் கீழ்கடற்கரை தொன்றுதொட்டுத் துறைமுகங்களாலும் திருக்கோயில்களாலும் சிறப்புற்றது. கலங்கள் வந்து பொருளிறக்கிய துறைகள்தோறும் கோயில்கள் எழுந்தன. வணிகர் வழிபட்டனர், வேந்தர் நிவந்தம் விட்டனர், நாயன்மார் சிலவற்றைப் பாடியருளினர். அக் கோயில்கள் சிலவற்றின் வாயிலில் இன்று கடல் வந்து நிற்கின்றது. அஃது எவ்வாறு வந்தது, அதற்கு மக்கட் செயலும் ஏதுவாமோ என்பன சைவ மக்கள் சிந்திக்கற்பாலன.

கடல்கோட்கு முதற்சான்றாக யாவரும் எடுத்தோதுவது காவிரிப்பூம்பட்டினம். காவிரி கடலொடு கலக்குமிடத்திற் சோழர்தம் பெருந்துறையாய் விளங்கிய அம் மூதூர், இந்திரவிழாவை மன்னன் மறந்தமையாற் கடல்கொள்ளப்பட்டதென மணிமேகலை கூறும். இது காப்பியச் செய்தியாயினும் முற்றும் புனைவென்று தள்ளத்தக்கதன்று. 1960-களில் இந்தியத் தொல்பொருளாய்வுத் துறையினர் கீழையூரில் அகழ்ந்தபொழுது, செங்கல்லாற் கட்டிய படகுத்துறையும், கலங்களைப் பிணித்தற்கு நட்ட மரத்தறிகளும் வெளிப்பட்டன. பின்னர்க் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் பூம்புகார், வானகிரிக் கரைகளை ஆராய்ந்து, அலைபுரளும் இடத்திலேயே செங்கற் கட்டடப் பகுதிகளையும் சுடுமண் உறைகிணறுகளையும் கண்டனர். உறைகிணறு நன்னீரின்பொருட்டுக் குடியிருப்பின்கண் அமைக்கப்படுவது. உப்புநீர் அலையிடை எவரும் கிணறு அகழார். ஆதலின், அவ்விடம் ஒருகாலத்து ஊர்நிலமாயிருந்து பின்னர்க் கடலுட்பட்டதென்பது தெளிவு. ஒரே நாளிற் பொங்கியெழுந்து ஊரை விழுங்குவது மட்டுமே கடல்கோளன்று. நாடோறும் ஒருபிடி மணலாகக் கரையைத் தின்று, பல நூற்றாண்டிற் கொள்வதும் கடல்கோளேயாம்.

அங்ஙனம் சிறிது சிறிதாகக் கொள்ளுதலைக் கண்கூடாகக் காட்டுவது பூம்புகார்க்குத் தெற்கேயுள்ள தரங்கம்பாடி. கல்வெட்டில் இவ்வூர் சடங்கன்பாடி எனவும், குலசேகரன்பட்டினம் எனவும் வழங்கும். கி. பி. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகரபாண்டியன் காலத்தில், இங்குள்ள மாசிலாமணிநாதர் கோயில் எழுந்தது. 1620-ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்பாடு செய்துகொண்டு டேனியர் இங்கே வந்து, டான்சுபோர்க் என்னும் கோட்டையை எழுப்பினர். 1845-இல் அவர் ஊரை ஆங்கிலேயர்க்கு விற்று நீங்கினர். பாண்டியன் போயினான், நாயக்கர் போயினர், டேனியரும் ஆங்கிலேயரும் போயினர். கடல் ஒன்றே போகாது நெருங்கி வந்தது. கோயிலின் முற்பகுதிகள் ஒவ்வொன்றாக அலையுட் சரிய, கருவறையும் அதனையடுத்த சிறு பகுதியுமே நெடுங்காலம் எஞ்சிநின்றன. இப்பொழுது கருங்கற் பாறைகளைக் குவித்து அலையைத் தடுத்துள்ளனர். அண்மைக் காலத்தில் திருப்பணியும் நடைபெற்றுள்ளது. எனினும், இழந்த கற்களிற் பொறித்திருந்த எழுத்துக்கள் மீளா.

இனி, மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை நோக்குக. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த இக் கற்றளியில், கிழக்கு நோக்கியதும் மேற்கு நோக்கியதுமாகச் சிவபெருமான் சந்நிதிகள் இரண்டும், இடையே பள்ளிகொண்ட திருமால் சந்நிதி ஒன்றும் உள. 1984-இல் இவ்வூர்ச் சின்னங்கள் உலக மரபுச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டன. இக் கோயிலுக்குப் பகை இரண்டு. ஒன்று, அடித்தளத்தை மோதும் அலை; மற்றொன்று, காற்றிற் கலந்துவரும் உப்பு. உப்புநீர்த் துளி கல்லின் நுண்டுளைகளிற் புகுந்து, நீர் வற்றியபின் படிகமாய் விரிந்து கல்லை உதிர்க்கும். சிற்பங்களின் முகங்கள் மழுங்கியதற்கு இதுவே பெருங்காரணம். அலையைத் தடுக்கக் கற்சுவரும், காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பும் அமைத்தனர். காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி உப்பை உறிஞ்சியெடுக்கும் முறையையும் தொல்பொருளாய்வுத் துறையினர் கையாளுகின்றனர்.

மாமல்லபுரத்திற்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் நிகழ்ந்தது இதனினும் வியக்கத்தக்கது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கரையைத் தாக்கி எண்ணிறந்தோர் உயிரைக் கொண்டது. அவ் அலை மணலை அரித்தபின், ஆண்டுள்ள பாறையொன்றிற் கல்வெட்டெழுத்துக்கள் புலப்பட்டன. திருவிழிச்சில் என்னும் ஊர்ச் சுப்பிரமணியர் கோயிற்கு விடப்பட்ட கொடையை அவை கூறின. அதனைத் துணைக்கொண்டு 2005 முதல் அகழ்ந்தபொழுது முருகன் கோயிலொன்று மணலுள்ளிருந்து வெளிப்பட்டது. பல்லவர் காலக் கட்டடத்தின் கீழே அதனினும் பழைய செங்கற் கோயில் இருந்தது. கல்லால் ஆகிய வேலும் கிடைத்தது. செங்கற் கோயில் சங்க காலத்ததென்பதும், கடற்சீற்றத்தாற் கெட்டதென்பதும் அகழ்ந்தோர் கருத்து. கடல் கெடுத்த கோயிலை மணல் மூடிப் பல நூற்றாண்டு காத்துவைத்தது. அழிக்கும் அலையும் காக்கும் மணலும் ஒரே கரையில் உள என்பதை இந் நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

ஈண்டு மணலின் இயல்பை அறிதல் வேண்டும். கரைமணல் ஓரிடத்து நிற்பதன்று, ஆற்றைப்போல் ஓடுவது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் அலைகள் மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே தள்ளும். முன்னது நெடிதாகலின், சோழமண்டலக் கரையில் ஆண்டுதோறும் வடக்கே செல்லும் மணலே மிகுதி. ஆறுகள் புதுமணலைக் கொணர்ந்து இவ் ஓட்டத்திற்கு உணவளிக்கும். கரைமேல் ஏறிய மணலை அடும்பும் இராவணன்மீசையும் தாழையும் வேரோடிப் பற்றி மணற்குன்றாக்கும். புயலெழுந்தால் அக் குன்று தன் மணலை அலைக்கு ஈந்து பின்னுள்ள ஊரைக் காக்கும். அமைதிக் காலத்தில் அதனை மீட்டுக்கொள்ளும். இக் காவல், வரவு குன்றினும் வழி அடைபடினும் கெடும். 1934-இல் மேட்டூர் அணை முற்றியபின் காவிரி கொணரும் மணல் குறைந்தது; ஆற்றுமணலை அள்ளுதல் அதனை மேலுங் குறைத்தது.

வழி அடைபட்டதற்குச் சான்று சென்னை. 1876-இல் தொடங்கிய துறைமுக வேலையிற் கடலுள் நீண்ட கற்சுவர்கள் எழுந்தன. அவற்றின் தென்பால் மணல் குவிந்தது. ஒருகாலத்துப் புனித ஜார்ஜ் கோட்டையருகே அலைமோதிய கடல் விலகிச் சென்றது. மெரினாக் கடற்கரையும் அகன்றது. அதனை மக்கள் அழகென்று போற்றுவர். ஆனால் வடபால் இராயபுரம் முதலாகத் திருவொற்றியூர் ஈறாகவும் அதற்கு அப்பாலும் மணல் வரவு நின்று கரை தேய்ந்தது. மீனவர் குடியிருப்புக்களும் சாலையும் அலைக்கு இரையாயின. பின்னர்ப் பாறைச்சுவர்களும், தூண்டில் வளைவு என்று கரைமக்கள் வழங்கும் குறுக்குச் சுவர்களும் அமைத்தனர். அவை நின்ற இடத்தைக் காக்கும். அவற்றின் வடக்கே மணலின்றி வாடும் கரையைக் காவா. தெற்கே ஒரு கரை பெற்ற செல்வம் வடக்கே மற்றொரு கரை இழந்த செல்வமேயாம்.

அத் திருவொற்றியூரோ மூவர் பாடல்பெற்ற தலம். நம்பியாரூரர் சங்கிலியாரை மணந்த இடம். கலியநாயனார் விளக்கெரித்த பதி. திருக்கோயில் கரைக்குச் சற்று உள்ளே உளது. பட்டினத்தடிகள் சமாதியோ கடலின் அருகிலேயே உளது. அடிகள் காவிரிப்பூம்பட்டினத்திற் பெருவணிகராய்ப் பிறந்து, அனைத்துந் துறந்து, ஒற்றியூர்க் கரையிற் சிவலிங்கமாயினர் என்பது வரலாறு. அவர் பிறந்த ஊரைக் கடல் கொண்டது. அவர் அடங்கிய இடத்தையும் கடல் நெருங்குகின்றது. முன்னதிற் கடலை விலக்குதல் அக் காலத்தவர்க்கு இயலாததாயிற்று. பின்னதிற் கடலை அழைத்தவர் மக்களே.

அற்றேல், தோன்றிய பொருளெல்லாம் அழியுமென்பது சைவநூற் றுணிபன்றோ? நிலையாமையைப் பாடிய அடிகளின் சமாதியைக் கடல் கொள்ளுமாயின் அதற்கு இரங்குதல் என்னை எனின், அது பொருந்தாது. அடிகள் துறந்தது தம்முடைய பொருளை. பிறர்க்கு உரியதும், பின்வருவோர் வழிபடற்கு உரியதுமாகிய ஒன்றைக் கெடவிடுக என்று அவர் கூறினாரல்லர். திருநாவுக்கரசு சுவாமிகள் உழவாரம் ஏந்தித் திருமுற்றந்தோறும் புல் செதுக்கினர். செதுக்கிய புல் மீண்டும் முளைக்குமென்பதை அவர் அறியாதவரல்லர். கோயிலும் ஒருநாட் சிதையுமென்பதையும் அறிந்தவரே. அறிந்தும் பணிசெய்தமையாலன்றோ சரியை நெறிக்கு அவர் எடுத்துக்காட்டாயினர்? நிலையாமையுணர்வு பற்றை ஒழித்தற்கு உரியது. பணியை ஒழித்தற்கு உரியதன்று.

ஆகலின் இக்காலத்துத் திருப்பணி மதிலளவில் நின்றுவிடுதல் சாலாது. மணற்குன்றுகளைச் சமனாக்கி மனையாக்காது விடுதலும், அடும்பும் தாழையும் மீண்டும் படரச் செய்தலும் கோயிற்பணியேயாம். 1991-ஆம் ஆண்டிற் பிறந்த கடற்கரை ஒழுங்காற்று ஆணை முதலாய சட்டங்கள் ஏட்டளவில் நில்லாது நடைபெறல் வேண்டும். துறைமுகச் சுவர் தடுத்த மணலைத் தென்பாலெடுத்து வடபாற் சேர்க்கும் முறை பிற நாடுகளிற் கைவந்துள்ளது. அதனை ஈண்டும் விரிவாகச் செய்யலாம். புதிய துறைமுகம் ஒன்று வகுக்குங்கால், அதன் இருமருங்குமுள்ள கோயில்களையும் குப்பங்களையும் முன்னரே கணக்கிடல் வேண்டும். கரையோரக் கல்வெட்டுக்களைக் காலந்தாழ்த்தாது படியெடுத்தல் இன்றியமையாதது. இவற்றிற் கோயிலார், தொல்பொருளாய்வார், பொறியாளர் ஆகியோரோடு, மணலின் போக்கை நாளும் கண்டறியும் மீனவரையும் ஒருங்கு வைத்து எண்ணுதல் நன்று.

பூம்புகார் அழிந்தமைக்கு ஒரு விழாவை மறந்தமையே காரணமென்று முன்னோர் கூறினர். செய்யவேண்டியதை மறந்தோர்க்குக் கடல் கேடாய் வருமென்பது அக் கதையின் உட்கிடை. இன்று மறக்கப்பட்டது விழாவன்று, மணலின் வழி. அவ்வழியை மீளத் திறந்துவிடின் பட்டினத்தடிகள் சமாதி முதலாகக் கரையின்மேல் எஞ்சிய திருவிடங்கள் இன்னும் பல தலைமுறை விளங்கும்.