சபையின் தீர்ப்பு, மன்னனின் கிழி

கீரமங்கலம் மெய்நின்றநாதர் கோயிலில் 81 அடி உயரச் சிவன் சிலை இருக்கிறது. அதற்கு எதிரில் நக்கீரருக்கு 7¼ அடியில் ஒரு சிலை. கடவுளோடு வாதாடிய புலவரைக் கடவுளுக்கு எதிரிலேயே நிறுத்தி, இருவரையும் போற்றுகிற ஊர் இது. நக்கீரர் எங்கள் ஊர்க்காரர் என்பது இங்குள்ளவர்களின் உறுதியான நம்பிக்கை.

சங்க நூல்கள் அவரை மதுரைக் கணக்காயனார் மகனார் என்கின்றன. நெடுநல்வாடை பாடியவரும் திருமுருகாற்றுப்படை பாடியவரும் ஒருவர்தானா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பதினோராம் திருமுறையில் வரும் நக்கீரதேவ நாயனார் காலத்தால் பிற்பட்டவர் என்பதே பலரின் கணிப்பு. ஆகவே நக்கீரர் எந்த ஊரில் பிறந்தார் என்ற கேள்வியை இந்த வாரம் ஒதுக்கி வைத்துவிடலாம். வேறொரு கேள்வி எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. எத்தனையோ மன்னர்களும் வீரர்களும் வாழ்ந்த இந்த மண்ணில், ஓர் ஊர் தன் முன்னோராக ஏன் இப்படி ஒருவரை வரித்துக்கொண்டது?

கதை எல்லோருக்கும் தெரியும். பாண்டியன் தன் ஐயத்தைத் தீர்ப்பவருக்குப் பொற்கிழி அறிவிக்கிறான். தருமி கொண்டுவந்த இறைவன் பாட்டில் நக்கீரர் குற்றம் காண்கிறார். பாடியவர் யாரென்று தெரிந்த பிறகும், நெற்றிக்கண் திறந்த பிறகும் தன் சொல்லை மாற்றிக்கொள்ள மறுக்கிறார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இது 52ஆம் படலம். கதை அங்கே முடிந்துவிடவில்லை. 53ஆம் படலத்தில் பொற்றாமரைக் குளத்தில் விழுந்த கீரன் இறைவனைப் பாடிப் பணிந்து கரையேறுகிறார். 54ஆம் படலத்தில் அகத்தியரிடம் அவர் இலக்கணம் பாடம் கேட்கும்படி செய்கிறார் இறைவன். புலவரின் தவறும் இறைவனின் அருளும்தான் புராணம் சொல்ல வந்த செய்தி. ஆனால் தமிழ் மக்கள் 52ஆம் படலத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் ஏட்டிலேயே விட்டுவிட்டார்கள். 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தில் நக்கீரராகத் தாமே நடித்த ஏ.பி.நாகராஜனின் குரலில் இன்றுவரை நம் காதில் ஒலிப்பது அந்த மறுப்புத்தான். பணிந்து பாடிய கீரனை யாரும் மேடையில் நினைவுகூர்வதில்லை.

ஒரு சமூகம் தன்னைப் புரிந்துகொள்வது இப்படித்தான் என்று நினைக்கிறேன். கையில் கிடைத்த வரலாற்றை அது முழுதாக ஏற்பதில்லை. தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்கிறது. அந்தத் தேர்வில் அதன் அரசியல் வெளிப்படுகிறது.

இந்தக் கதைக்குள் இருக்கும் அரசியல் ஏற்பாட்டையும் கவனியுங்கள். கிழி மன்னனுடையது, தீர்ப்பு சபையுடையது. பொன் கொடுப்பவன் என்பதற்காகப் பாண்டியன் சங்கத்தின் முடிவை மாற்றவில்லை. இடித்துரைக்கும் துணை இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவர் சொன்னதும், வரி வாங்கும் முறையைப் பற்றிப் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கே எடுத்துரைத்ததும் இதே மரபில் வந்தவை. கி.மு. 399இல் ஏதென்ஸ் நகரம் தன் கேள்விக்காரரான சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுத்தது. நம் கதையிலோ சுட்ட கடவுளே புலவரைக் கரையேற்றவும் வேண்டியிருந்தது. கேள்வி கேட்பவர் இல்லாமல் சபை இயங்காது என்ற அறிவு அந்த முடிவில் இருக்கிறது.

கீரமங்கலம் அடங்கிய புதுக்கோட்டை மண்ணுக்கு இதற்கு நேர்மாறான இன்னொரு தன்வரலாறும் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1948 வரை இங்கே தொண்டைமான்களின் ஆட்சி. படைவீரர், கோயில், பூசாரி, ஊர்த் தொழிலாளர் என எல்லோருக்கும் இனாம் நிலங்கள். நிலத்தோடு மரியாதையும் வந்தது. ஒரு குடி மன்னனுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதைக் கொண்டே அதன் தகுதி அளக்கப்பட்டது. அமெரிக்க ஆய்வாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் இந்தச் சமஸ்தானத்தைப் பற்றி 1987இல் எழுதிய நூலில், சாதி அமைப்பே அரசியலோடு பின்னிக் கிடந்தது என்று வாதிட்டார். சேஷையா சாஸ்திரி திவானாக இருந்தபோது, 1888இல் தொடங்கிய இனாம் செட்டில்மெண்ட் அந்த உறவின் உயிரை உறிஞ்சிவிட்டது. கிரீடம் இருந்தது, உள்ளீடு போய்விட்டது. மன்னன் கொடுத்ததை வைத்துத் தன்னை அறிந்துகொண்ட சமூகம், அவன் கொடுக்க முடியாமல் போனபோது தன்னை வேறு எதை வைத்து அறிந்துகொள்ளும்?

அதற்கான விடையின் ஒரு பகுதியை 2017 பிப்ரவரியில் கீரமங்கலத்துக்குப் பக்கத்து ஊரான நெடுவாசலில் பார்த்தோம். ஹைட்ரோகார்பன் திட்டம் அறிவிக்கப்பட்டதும் விவசாயிகளும் பெண்களும் பிள்ளைகளும் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். சுற்றுவட்டார ஊர்களின் கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. 2020இல் சட்டமன்றம் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் திருவரங்குளம், கறம்பக்குடி வட்டாரங்களும் சேர்க்கப்பட்டன. நக்கீரர் கதைதான் இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். நிலமும் நீரும் போய்விடுமோ என்ற அச்சமே போதுமான காரணம். ஆனால் அதிகாரத்தின் முகத்துக்கு நேரே 'இது தவறு' என்று சொல்வதைப் பெருமையாகக் கருதும் மரபு ஒன்று இங்கே முன்பே இருந்தது. அது வீண்போகவில்லை.

இனி ஒரு வேண்டுகோள். 1929இல் புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த 1,130 கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டது. பெரும்பாலும் கொடைகள்; நாட்டாரும் ஊராரும் கூடி எடுத்த முடிவுகளும் அவற்றில் உண்டு. அந்த முடிவுகளால்தான் பழைய ஊர்ச்சபைகள் எப்படி இயங்கின என்பது நமக்குத் தெரிகிறது. நம் காலத்து ஊராரின் முடிவுகள் ஊராட்சி அலுவலகங்களின் தீர்மானப் புத்தகங்களில் இருக்கின்றன. கல்லுக்கு உள்ள ஆயுள் காகிதத்துக்குக் கிடையாது. 2017ஆம் ஆண்டுத் தீர்மானங்களை ஊர் ஊராகப் படம் எடுத்து, மாவட்ட நூலகத்தில் ஒரு பிரதி வைக்கும் வேலையை இப்பகுதி ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.

(தொடரும்)