நள்ளிரவு மணி

மோட்டார் சைக்கிளில் போகிறவன் சரித்திரத்தைப் பற்றிப் பேசினால் சிரிப்பு வருவது இயற்கைதான். சரித்திரம் என்றால் ஆற அமர உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம். இதுவோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறக்கிற வாகனம். ஆனால் என் வண்டி பறப்பதில்லை. பழைய புல்லட். அதற்கு வயதாகிவிட்டது, எனக்கும் நாற்பது தாண்டிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருக்கும் என் மனைவியோ வேகம் கொஞ்சம் கூடினால் தோளை ஒரு தட்டுத் தட்டுவாள். ஆகவே தஞ்சாவூரிலிருந்து மனோரா வரையிலான சுமார் 65 கிலோமீட்டரைக் கடக்க எங்களுக்கு ஒரு பகல் முழுவதும் ஆயிற்று.

நெடுஞ்சாலையில் போனால் சீக்கிரம் போயிருக்கலாம். நாங்கள் இடம் கண்ட இடத்தில் இறங்கி, வாய்க்கால் கரைகளிலும் தோப்புகளுக்கு நடுவிலும் ஓடும் கிளைப் பாதைகளைப் பிடித்துக்கொண்டோம். அந்தப் பக்கத்து வாய்க்கால் ஒன்றுக்குக் கல்யாண ஓடை என்று பெயர். "நம்மை மாதிரி ஜோடிகள் போகிற வழி போலிருக்கிறது" என்றேன். "அதுதான் இவ்வளவு மேடு பள்ளமாக இருக்கிறது" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

இன்றைக்குப் பசுமையாகக் கிடக்கும் இந்தச் சீமை சரபோஜி மன்னர் காலத்தில் இப்படி இல்லை. மேட்டூர்த் திட்டத்தோடு சேர்த்து வெட்டி 1934-இல் முடித்த கல்லணைக் கால்வாய்தான் இங்கே காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தது. ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் புது ஆறுதான். அதற்கு முன்பு பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. வடக்கேயிருந்து ராமேசுவரத்துக்குக் கால்நடையாக வந்த யாத்திரிகர்கள், காவிரிக் கரையின் குளுமையை விட்டுப் பிரிந்ததும் இந்த வறண்ட மேட்டில்தான் நடக்க வேண்டியிருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இந்த வழி நெடுகச் சத்திரங்களைக் கட்டியது ஏன் என்பது, உச்சி வெயிலில் இங்கே ஒரு மணி நேரம் நின்றவனுக்குத் தானாக விளங்கும்.

எங்களுக்கும் விளங்கியது. ஒரத்தநாட்டைத் தாண்டியதும் பின் சக்கரம் பஞ்சர்.

அதற்கு முன்பே ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரத்தைப் பார்த்திருந்தோம். 1802-இல் இரண்டாம் சரபோஜி கட்டியது. முத்தம்பாள் பட்டத்து ராணி அல்ல, மன்னரின் அன்புக்குரியவள். இளம் வயதிலே இறந்துபோனாள் என்றும், "என் பெயரில் ஒரு சத்திரம் கட்டுங்கள்" என்பதுதான் அவள் கடைசியாகக் கேட்ட வரம் என்றும் ஊரில் சொல்கிறார்கள். ஊருக்கே முத்தம்பாள்புரம் என்று அவள் பெயர் வைக்கப்பட்டது.

"தாலி இல்லாதவள் நகை கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை, நாலு பேருக்குச் சோறு போடச் சொல்லியிருக்கிறாள்" என்றாள் என் மனைவி. சற்றுப் பொறுத்து, "தனக்கு வீடு என்று சொல்லிக்கொள்ள ஒன்று இல்லாதவளுக்குத்தான் வழிப்போக்கன் கஷ்டம் தெரியும்" என்றாள். நான் படித்த புத்தகம் எதிலும் இந்த வாக்கியம் இல்லை.

சத்திரம் எழுந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். 1799 அக்டோபரில் ஆன உடன்படிக்கைப்படி ராஜ்யம் முழுவதும் கும்பெனியார் கைக்குப் போயிற்று. மன்னருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்தான். 1801 ஜனவரியில் அவர் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்காக அல்ல, சத்திரங்களுக்காக.

அந்தக் கடிதம் சொல்லும் செய்திகளைப் பாருங்கள். எந்தச் சாதியாராயினும், பரதேசியாயினும் பக்கிரியாயினும் அன்னம் உண்டு. சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும். (எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று கடிதம் சொல்லவில்லை, அதையும் மறைக்கலாகாது.) நோயாளிக்கு வைத்தியர், மருந்து, பத்தியம். கைக்குழந்தைக்குப் பால். வழியிலே பிரசவ வேதனை கண்டவளுக்குப் பேறு பார்த்துக் கவனிப்பு. அநாதைக் குழந்தைகளுக்குப் படிப்பும், வளர்ந்த பின் கல்யாணச் செலவும். இவ்வளவும் ஆன பிறகு நள்ளிரவில் ஒரு மணி அடிப்பார்களாம். இன்னும் சாப்பிடாதவர்கள் வரலாம் என்று கூவி அழைப்பார்களாம்.

இதையெல்லாம் வேலமரத்தடியில் வைத்து மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சக்கரத்தைக் கழற்றிப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியாயிற்று. வேறு வேலை இல்லை. எதிர்க் குடிசையிலிருந்து ஒரு பாட்டி எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு செம்பு நீராகாரமும், இலைத் துணுக்கில் நாலு சின்ன வெங்காயமும் கொண்டுவந்து வைத்தாள்.

"வெயில்ல ஏன் தம்பி நிக்கிறீங்க? திண்ணை சும்மாதானே கெடக்கு" என்றாள்.

புறப்படும்போது நான் பணம் நீட்டியதுதான் தப்பு. "தண்ணி குடுத்ததுக்குக் காசா? நல்லாருக்கே!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

மனோராவை அடையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கடற்கரையில் எட்டு அடுக்குகளோடு, அறுகோண வடிவில், சுமார் 75 அடி உயரத்துக்கு நிற்கிறது. கட்டியவர் அதே சரபோஜி. ஆங்கிலேயப் படைகளின் வெற்றியையும் நெப்போலியனின் வீழ்ச்சியையும் கொண்டாட எழுப்பியதாகக் கல்வெட்டு கூறுகிறது, ஆண்டு 1814. வாட்டர்லூ யுத்தம் நடந்தது 1815-இல். அதாவது நெப்போலியன் முதல் தடவை முடி துறந்து எல்பாத் தீவுக்குப் போனபோதே இங்கே கொண்டாட்டம் ஆரம்பமாகிவிட்டது!

இந்தக் கோபுரத்துக்காக நான் சரபோஜியை வெகு காலம் மன்னித்ததில்லை. நாட்டைப் பறித்தவர்களின் வெற்றிக்கு நாட்டை இழந்தவர் ஸ்தம்பம் எழுப்புவதா? படிகளில் உட்கார்ந்து இதை ஆவேசமாகச் சொன்னேன்.

மனைவி கடலைப் பார்த்தபடியே, "உலை கொதிக்க வேண்டுமென்றால் சில பேர் எதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறார்கள்" என்றாள்.

மன்னர் அந்த எண்ணத்தோடுதான் கட்டினார் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நன்றியோ, பயமோ, வெறும் முகஸ்துதியோ, எதுவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் ஒரே சாலையில் இந்த முனையில் வென்றவனுக்குக் கோபுரமும், அந்த முனையில் பசித்தவனுக்குச் சத்திரமும் நிற்கின்றன. இரண்டையும் எழுப்பியது ஒரே கை. ஒரு மனிதரை அவருடைய ஒரு கட்டடத்தை மட்டும் வைத்து எடை போடக்கூடாது என்ற அளவுக்கு அன்று நான் இறங்கிவந்தேன்.

இரவு வீடு திரும்ப நேரமாகிவிட்டது. நான் கட்டிலில் சாய்ந்துவிட்டேன். என் மனைவி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றப் போகுமுன், வழக்கம்போல் அடுப்படியிலிருந்து, "இன்னும் யாராவது சாப்பிட வேண்டியிருக்கிறதா?" என்று குரல் கொடுத்தாள். எத்தனையோ வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காதில் விழாமலே போன குரல்.

அன்றைக்கு மட்டும் அது மணி அடித்தது போல் கேட்டது.