சுவிட்சர்லாந்தின் எல்லைவாசல்: சுங்கமும் விசாவும் வளர்ந்த வரலாறு

சுவிட்சர்லாந்தின் எல்லையில் முதலில் நிறுத்தப்பட்டவை பொருள்கள். மனிதர்களை நிறுத்தி ஆவணம் கேட்கும் வழக்கம் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்தே வந்தது. இன்று அந்த நாட்டுக்குப் போகிறவர் சந்திக்கும் விசா, சுங்கம் என்ற இரண்டு ஏற்பாடுகளும் தனித்தனியே பிறந்து, தனித்தனியே வளர்ந்தவை. அவற்றை இன்றும் தனித்தனி அலுவலகங்களே நடத்துகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதி வரை சுவிட்சர்லாந்துக்கென்று ஒரே சுங்க எல்லை இருக்கவில்லை. ஒவ்வொரு கன்டோனும், அதாவது மாநிலமும், தன் சாலைக்கும் பாலத்துக்கும் மலைக்கணவாய்க்கும் தீர்வை வாங்கியது. நாட்டுக்குள் இப்படிச் சுமார் 400 வகைத் தீர்வைகள் இருந்தன. கிழக்கிலிருந்து ஜெனீவா வரை சரக்குக் கொண்டுபோகும் வணிகர் வழியெங்கும் நின்று நின்று பணம் கட்ட வேண்டியிருந்தது. ஆல்ப்ஸைக் கடக்கும் சரக்கு, இந்தத் தொல்லையைத் தவிர்க்க அண்டை நாடுகள் வழியாகச் சுற்றிப் போவதும் உண்டு. 1848ஆம் ஆண்டின் கூட்டாட்சி அரசியலமைப்பு சுங்க அதிகாரத்தை நடுவண் அரசிடம் ஒப்படைத்தது. 1850 பிப்ரவரி 1 அன்று உள்நாட்டுத் தீர்வைகள் நீங்கின. வெளி எல்லையில் மட்டும் சுங்கச்சாவடிகள் எழுந்தன.

இளம் கூட்டாட்சி பிழைத்து நின்றதே இந்த வருவாயால்தான். முதல் உலகப்போர்க் காலத்தில் 1915இல் போர்வரி விதிக்கப்படும் வரை நடுவண் அரசின் செலவுகள் பெரும்பாலும் சுங்கப் பணத்தைக் கொண்டே நடந்தன. பொருளின் விலையைப் பாராமல் அதன் எடையைப் பார்த்துத் தீர்வை விதிப்பது சுவிஸ் முறையின் தனித்தன்மை. கைக்கடிகாரம் போன்ற எடை குறைந்த, விலை உயர்ந்த பொருளுக்கு இதனால் சுமை குறைவாக இருந்தது. தொழிற்பொருள்கள் மீதான இறக்குமதித் தீர்வை 2024 ஜனவரி 1 அன்றுதான் முற்றாக நீக்கப்பட்டது. எல்லைக்காவல் படை 1894இல் அமைந்தது. அதன் வேலையும் நெடுங்காலம் கடத்தல் சரக்கைப் பிடிப்பதாகவே இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது இத்தாலியிலிருந்து அரிசி மலைப்பாதைகளில் வந்தது. போருக்குப் பின் காப்பியும் சிகரெட்டும் எதிர்த்திசையில் போயின. முதுகில் மூட்டை சுமந்து இரவில் எல்லை தாண்டிய கூலியாட்களின் கதையை, லுகானோ ஏரிக்கரையில் காந்திரியாவுக்கு எதிரே உள்ள சுங்க அருங்காட்சியகம் சொல்கிறது. பழைய எல்லைக்காவல் நிலையம் ஒன்றில் அமைந்த அந்த இடத்துக்குப் படகில்தான் போக வேண்டும்.

அரசியல் எல்லையும் சுங்க எல்லையும் எல்லா இடத்திலும் ஒன்றாக அமையவில்லை. ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய சாம்னவுன் பள்ளத்தாக்குக்குச் சுவிஸ் பக்கமிருந்து சரியான சாலை இல்லாததால் 1892இல் அது சுங்க விலக்குப் பகுதியாக்கப்பட்டது. சாலை வந்த பிறகும் விலக்கு நீடிக்கிறது. 1923இல் கையெழுத்தான ஒப்பந்தத்தால் லீக்டன்ஸ்டைன் சுவிஸ் சுங்கப்பரப்பில் சேர்ந்தது. ஜெனீவாவைச் சுற்றிய பிரெஞ்சு நிலப்பகுதியில் 1815-16 உடன்படிக்கைகள் சுதந்திர மண்டலங்களை ஏற்படுத்தின. பிரான்ஸ் அவற்றைக் கலைக்க முயன்றபோது வழக்கு ஹேக் நகரின் நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றம் வரை போயிற்று. 1932இல் சுவிட்சர்லாந்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

மனிதர்களின் வருகை பொருள்களின் கதைக்கு நேர்மாறாக நடந்தது. 1914க்கு முன் ஐரோப்பியர்கள் பெரும்பாலும் தடையின்றி வந்து போனார்கள். அண்டை நாடுகளோடு செய்துகொண்ட குடியமர்வு ஒப்பந்தங்கள் தங்கவும் தொழில் செய்யவும் வழிவிட்டன. 1910இல் மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் வெளிநாட்டவர். போர் இதை மாற்றியது. 1917 நவம்பர் 21 அன்று பிறப்பிக்கப்பட்ட கூட்டாட்சி ஆணை எல்லையில் ஆள்களைக் கண்காணிக்கும் அதிகாரத்தை நடுவண் அரசுக்குத் தந்தது. வெளிநாட்டவர் காவல்துறை உருவானது. போர்க்கால அவசரத்துக்கு வந்த ஏற்பாடு போர் முடிந்தும் போகவில்லை. 1931இல் வெளிநாட்டவரின் தங்குதல், குடியமர்வு பற்றிய சட்டம் நிறைவேறி, 1934 முதல் நடைமுறைக்கு வந்தது.

எல்லை ஆவணம் ஒன்று உயிரை முடிவு செய்யும் பொருளானது 1938இல். மார்ச் மாதம் ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியதும், ஆஸ்திரியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு சுவிட்சர்லாந்து விசாவைக் கட்டாயமாக்கியது. யூதர்கள் ஜெர்மன் கடவுச்சீட்டோடு வரத் தொடங்கியபோது, ஜெர்மானியர் எல்லோருக்கும் விசா விதிப்பதா என்ற கேள்வி எழுந்தது. அது வணிகத்தையும் சுற்றுலாவையும் பாதிக்கும். செப்டம்பர் 29 அன்று பெர்லினில் எட்டிய உடன்பாட்டின்படி, யூதர்களின் கடவுச்சீட்டில் மட்டும் ‘ஜே’ என்ற எழுத்தை ஜெர்மனி முத்திரையிட்டது. அக்டோபர் 4 அன்று சுவிஸ் அரசு அதை ஏற்றது. 1942 ஆகஸ்டில் எல்லை ஏறக்குறைய முழுதாக மூடப்பட்டது. போர்க்காலத்தில் பல்லாயிரம் பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

அந்தக் காலத்தில் செங்காலன் கன்டோனின் காவல்துறைத் தலைவராக இருந்தவர் பவுல் குருனிங்கர். 1938இலேயே அகதிகளுக்கு எல்லை மூடப்பட்ட பிறகு வந்தவர்கள் முன்பே வந்துவிட்டதாக அவர் தேதியை மாற்றிப் பதிந்து பலரைக் காப்பாற்றினார். 1939இல் பதவியை இழந்தார். அடுத்த ஆண்டு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 1972இல் வறுமையில் இறந்தார். தீர்ப்பு 1995இல்தான் ரத்தானது. அதே ஆண்டு மே மாதம் குடியரசுத் தலைவர் காஸ்பர் வில்லிகர் ‘ஜே’ முத்திரைக்காக நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். சுவிஸ் எல்லையின் வரலாற்றில் இதைவிட இருண்ட பக்கம் வேறில்லை.

போருக்குப் பின் தொழிற்சாலைகளும் அணைக்கட்டுகளும் ஆள் கேட்டன. இத்தாலியிலிருந்தும் பிறகு ஸ்பெயின், போர்ச்சுகல், யூகோஸ்லாவியாவிலிருந்தும் பருவகாலத் தொழிலாளர்கள் வந்தார்கள். ஆண்டுக்கு அதிகபட்சம் ஒன்பது மாத அனுமதி. குடும்பத்தை அழைத்துவர முடியாது. கியாசோ, பிரிக் போன்ற எல்லை நிலையங்களில் ரயிலை விட்டு இறங்கி, மேலாடை களைந்து மருத்துவச் சோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டும். ஒளித்து அழைத்துவரப்பட்ட பிள்ளைகள் அறைக்குள்ளேயே சத்தமில்லாமல் வளர்ந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஆள்கள் தடையின்றிச் சென்றுவரும் ஒப்பந்தம் 2002இல் நடைமுறைக்கு வந்ததோடு அந்த முறை முடிந்தது.

தமிழர்கள் இந்த வரலாற்றுக்குள் பெருமளவில் நுழைந்தது இலங்கையின் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு. நாட்டின் முதல் புகலிடச் சட்டம் 1981இல்தான் அமலுக்கு வந்திருந்தது. சில ஆண்டுகளுக்குள் ஈழத்துத் தமிழர்களின் விண்ணப்பங்கள் அதன் பெரிய சோதனையாயின. விசா பெற்று விமானத்தில் வந்தவர்கள் குறைவு. பலர் இத்தாலியிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் காவலில்லாத எல்லைப்பகுதிகளை நடந்தே கடந்தார்கள். வந்து சேர்ந்தவரின் வாழ்க்கையைச் சில எழுத்துகள் அளந்தன. விண்ணப்பம் விசாரணையில் இருந்தால் ‘என்’, தற்காலிக அனுமதி என்றால் ‘எஃப்’, ஆண்டு வதிவிடத்துக்கு ‘பி’, நிரந்தரக் குடியமர்வுக்கு ‘சி’. ‘இன்னும் எஃப்தானா, பி கிடைத்துவிட்டதா’ என்று விசாரிப்பது சுவிஸ் தமிழ்க் குடும்பங்களில் சுகம் விசாரிப்பதில் அடக்கம். 1994இல் இலங்கை அரசோடு திருப்பியனுப்பும் உடன்பாடு ஏற்பட்டது. 1992 முடிவுக்குள் வந்து, ஆண்டுக்கணக்கில் முடிவுக்காகக் காத்திருந்த பல குடும்பங்களுக்கு 2000ஆம் ஆண்டின் மனிதாபிமான நடவடிக்கை தங்கும் உரிமை தந்தது. 2013இல் திருப்பியனுப்பப்பட்ட தமிழர்கள் கொழும்பில் கைதானதும், அனுப்புவது சிறிது காலம் நிறுத்தப்பட்டது. வெளிநாட்டுத் தூதரகத்திலேயே புகலிடம் கேட்கும் வழியைச் சுவிட்சர்லாந்து நெடுங்காலம் திறந்து வைத்திருந்தது. கொழும்பிலிருந்து அதைப் பலர் பயன்படுத்தினார்கள். அந்த வழி 2012 செப்டம்பரில் அடைக்கப்பட்டது.

2005 ஜூன் 5 அன்று, ஐரோப்பிய நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கும் ஷெங்கன் ஒப்பந்தத்துக்கு வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். 2008 டிசம்பர் 12 அன்று தரை எல்லைகளிலும், 2009 மார்ச் 29 அன்று விமான நிலையங்களிலும் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கைக் கடவுச்சீட்டும் சுவிஸ் ‘சி’ அனுமதியும் வைத்திருந்த ஒருவர், பாரிஸில் உள்ள அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகத் தனி விசா எடுக்க வேண்டியிருந்தது. ஷெங்கன் நடைமுறைக்கு வந்தபின் கடவுச்சீட்டோடு ‘பி’ அல்லது ‘சி’ அட்டை இருந்தாலே போதும் என்றானது; ‘என்’ அட்டைக்கு அந்த உரிமை இல்லை. ஒன்றியத்தின் சுங்கப்பரப்பில் மட்டும் சுவிட்சர்லாந்து சேரவில்லை. ஆகவே பாசலிலும் ஜெனீவாவிலும் சுங்க அதிகாரி இன்னும் நிற்கிறார். பொதுவாக அவர் கேட்பது கடவுச்சீட்டை அல்ல, பையில் என்ன இருக்கிறது என்பதையே.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு ஷெங்கன் விசா கட்டாயம். எந்த 180 நாள்களிலும் 90 நாள்கள் வரை தங்கலாம். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். செலவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 பிராங்க் காட்ட இயலாதவருக்காக, அழைப்பவர் 30,000 பிராங்குக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடலாம். பெற்றோரை அழைக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு இந்தத் தாள் பழக்கமானது. 2025 அக்டோபர் முதல் கடவுச்சீட்டு முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் பதியும் புதிய முறை படிப்படியாக வந்தது.

பொருள்களில், மதிப்புக்கூட்டு வரியின்றிக் கொண்டுவரும் மதிப்பு 2025 ஜனவரி 1 முதல் 300 பிராங்கிலிருந்து 150 ஆகக் குறைந்தது. பதினேழு வயது நிறைந்தவர் 18 விழுக்காட்டுக்கு உட்பட்ட மது 5 லிட்டரும், அதற்கு மேற்பட்டது 1 லிட்டரும், சிகரெட் 250ம் கொண்டுவரலாம். இலங்கை, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து இறைச்சியும் பால்பொருளும் கூடாது. வீட்டில் உருக்கிய நெய்க்கும் அதே தடைதான். 2020 முதல் பச்சைக் காய், கனி, இலை எதற்கும் தாவர நலச் சான்று வேண்டும் என்பதால், அம்மா கட்டித்தரும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் மாம்பழமும் விமான நிலையத்திலேயே பறிபோகும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, முள்நாறிப்பழம் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. விசாவை முடிவு செய்வது குடிபெயர்வுச் செயலகம். பெட்டியைச் சோதிப்பது சுங்க, எல்லைப் பாதுகாப்பு அலுவலகம். இரண்டின் விதிகளும் அடிக்கடி மாறுவதால், பயணத்துக்கு முன் ஒவ்வொன்றையும் அந்தந்த அலுவலகத்தின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.