லொறி ரயரும் ஓர் இரும்பு வளையமும்

ரயரைக் கழற்றி மாற்றுவது தொடக்கத்தில் சாரதியால் ஆகக்கூடிய வேலையாக இருக்கவில்லை. பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப் 1888இல் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வகை ரயர் சில்லோடு பசையால் ஒட்டப்பட்டது. காற்றுப் போனால் பிய்த்தெடுத்து, ஒட்டுப் போட்டு, மீண்டும் பசை காயும்வரை காத்திருக்க வேண்டும். பிரான்சின் மிஷெலின் சகோதரர்கள் 1891இல் கழற்றி மாட்டும் ரயரைக் கொண்டுவந்தனர். அதே ஆண்டு பாரிஸ்-பிறெஸ்ற்-பாரிஸ் சைக்கிளோட்டத்தில் சார்ள்ஸ் தெரோன் அந்த ரயருடன் வென்றதும் உலகம் அதனைத் திரும்பிப் பார்த்தது.

இந்தியாவில் மேலதிகச் சில்லை இன்றும் 'ஸ்டெப்னி' என்பர். அது வேல்சின் லனெல்லி நகரிலுள்ள ஒரு தெருவின் பெயர். 1904இல் அங்கு இரு சகோதரர்கள் செய்த மாற்றுச் சில்லு, தெருவின் பெயரோடு எங்கள் கடலுக்கு அக்கரை வரை வந்து சேர்ந்தது.

லொறியின் கதை வேறு. முதலாம் உலகப் போர் முடியும்வரை பெரும்பாலான லொறிகள் திண்ம இறப்பரிலேயே ஓடின. காற்று ரயர் வந்தபோது ஒரு சிக்கலும் கூடவே வந்தது. கார் ரயரின் விளிம்பை நெம்பியால் வளைத்து உள்ளே தள்ளலாம். லொறி ரயரின் தடித்த விளிம்பு அதற்கு மசியாது. ஆகவே சில்லின் ஒரு பக்க விளிம்பையே தனி இரும்பு வளையமாகச் செய்தனர். வளையத்தைத் தட்டிக் கழற்றினால் ரயர் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இயந்திரம் வேண்டாம், நெம்பியும் சுத்தியலும் போதும். வீட்டு முற்றத்தில் லொறி ரயர் மாற்ற முடிந்தது இந்த ஏற்பாட்டினால்தான்.

ஆட்களைக் கொன்றதும் அதே ஏற்பாடுதான். சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அளவில் காற்று ஏறும்போது வளையத்தின் மேல் பல தொன் விசை அழுத்துகிறது. துருப்பிடித்த வளையம், சரியாக அமராத வளையம், வேறொரு சில்லின் வளையம், எதுவாயினும் பீரங்கிக் குண்டுபோலப் பறக்கும். அமெரிக்கத் தொழிலாளர் இதற்கு 'விதவையாக்கி' என்று பெயரிட்டனர். 1980இல் அந்நாடு தனி விதிமுறையே வகுத்தது: இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும், அடிப்பவர் வளையம் பாயும் பாதைக்கு வெளியே நிற்க வேண்டும்.

கூண்டு பட்டறையில் இருக்கலாம், முற்றத்தில் ஏது? 1980களில் எங்கள் ஊரில் கிளீனர் பையன்கள் சில்லைச் சங்கிலியால் சுற்றிக் கட்டிவிட்டுக் காற்றடித்ததைக் கண்டிருக்கிறேன். வளையப் பக்கத்தை நிலத்துக்குக் கவிழ்த்துவிட்டு அடித்தவர்களும் உண்டு. அப்போது வளையம் பறக்காது, சில்லே துள்ளி எழும். இரண்டும் கூண்டுக்கு ஈடாகா. அந்தப் பையன்களுக்கு எவரும் விதிமுறை எழுதவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பழைய பெட்போர்ட் லொறிகளில் இன்னொரு பொறியும் உண்டு. இடப்பக்கச் சில்லுகளின் நட்டுகள் இடப்புரி கொண்டவை. அறியாதவர் கழற்றுவதாக எண்ணி முழுப் பலத்துடன் இறுக்கிக்கொண்டிருப்பார், ஆணி முறியும்வரை.

ரியூப் இல்லாத ஒற்றைத் துண்டுச் சில்லுகள் பரவியபின் வளையம் அருகிவிட்டது. ஆயினும் பழைய வண்டி வைத்திருப்போர் ஜாக்கி போடுமுன் மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைக்கட்டும். வளையத்தைத் தொடுமுன் வால்வின் ஊசியையே கழற்றிக் காற்றை முற்றாக இறக்கட்டும். பின்புறம் இரட்டைச் சில்லாயின், நட்டுகளில் கை வைக்குமுன் உள் ரயரின் காற்றையும் இறக்கியாக வேண்டும்.