மூன்று மில்லியன் டொலர் சரத்து

புதிதாகத் தொழில்நுட்பக் கம்பனி தொடங்கும் இளைஞர்களின் நேர்காணல்களை வாசிக்கையில் ஒரு விடயம் என் கண்ணில் படுகிறது. நிறுவனப் பண்பாட்டைப் பற்றி அவர்கள் விரிவாகப் பேசுகிறார்கள். திரட்டிய முதலீட்டைப் பெருமிதத்தோடு சொல்கிறார்கள். பங்குகள் யார் யாரிடம் உள்ளன என்று கேட்டால் மட்டும் பேச்சு சுருங்கிவிடுகிறது. பண்பாடு எழுதப்படும் இடமே அந்தப் பங்குப் பதிவேடுதான் என்பது என் எண்ணம். அதற்குச் சான்று தேடுவோர் 1957ஆம் ஆண்டுக் கலிபோர்னியாவுக்குச் செல்ல வேண்டும்.

திரான்சிஸ்டரைக் கண்டறிந்தமைக்காக 1956இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர் வில்லியம் ஷொக்லி. ஆர்னோல்ட் பெக்மனின் பணத்துடன் மவுண்டன் வியூவில் அவர் ஓர் ஆய்வுகூடத்தை நிறுவி, நாட்டின் தலைசிறந்த இளம் விஞ்ஞானிகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். ஆட்களை இனங்காணத் தெரிந்த அவருக்கு அவர்களை நடத்தத் தெரியவில்லை. ஊழியர் ஒருவருக்குக் கையில் சிறு காயம் ஏற்பட்டதைச் சதியென்று ஐயுற்று, பொய்யறியும் கருவியால் ஊழியர்களைச் சோதிக்க முனைந்தார். கதவில் குத்தியிருந்த, தலை உடைந்த ஊசியொன்றே காயத்துக்குக் காரணம் எனப் பின்னர் தெரிந்தது!

எட்டுப் பேர் வெளியேறத் தீர்மானித்தனர். றொபேட் நொய்ஸ், கோர்டன் மூர், ஜீன் ஹோர்னி, யூஜின் கிளைனர், ஜே லாஸ்ட், விக்டர் கிரினிச், ஜூலியஸ் பிளாங், ஷெல்டன் றொபேட்ஸ் ஆகியோரே அவர்கள். பின்னாளில் இவர்களுக்குத் 'துரோகிகள் எண்மர்' என்ற பெயர் நிலைத்தது. எமது அரசியலில் அச்சொல் சுமந்த கனத்தை அறிந்தவர்களுக்கு, அங்கே அது ஏறக்குறைய ஒரு பட்டமாக மாறியமை வியப்பளிக்கும்.

தொடக்கத்தில் இவர்கள் தேடியது கம்பனியை அன்று. எண்மரையும் ஒன்றாக வேலைக்கு அமர்த்தும் ஒரு முதலாளியைத்தான். கிளைனர் தன் தந்தைக்குப் பழக்கமான நியூயோர்க் பங்குத்தரகு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அது அங்கு பணியாற்றிய ஆர்தர் றொக் என்ற இளைஞரின் கைக்குப் போனது. நீங்களே கம்பனி தொடங்குங்கள் என்றார் றொக். சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்த சந்திப்பில் ஒப்பந்தப் பத்திரம் கையில் இல்லாதபடியால், புதிய ஒரு டொலர்த் தாள்களில் எல்லோரும் கையொப்பமிட்டனர். முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கைவிரித்தன. இறுதியில், தந்தை வழியாக ஐ.பீ.எம்.மில் பெரும் பங்குகளைப் பெற்றிருந்த ஷேர்மன் பெயர்சைல்ட் இணங்கினார்.

ஒப்பந்தம் கவனத்துக்குரியது. பெயர்சைல்ட் கமரா நிறுவனம் 1.38 மில்லியன் டொலரைக் கடனாக அளித்தது. எண்மரும் ஆளுக்கு 500 டொலர் போட்டு நூறு பங்குகள் வீதம் பெற்றனர். எட்டுப் பேருக்கும் ஒரே அளவு. தலைவருக்கென்று தனிப்பங்கு இல்லை. ஆயினும் ஒரு சரத்து இருந்தது. தாய்க்கம்பனி விரும்பினால் மூன்று மில்லியன் டொலருக்கு முழு நிறுவனத்தையும் வாங்கிக்கொள்ளலாம்.

1958இல் ஐ.பீ.எம். நூறு திரான்சிஸ்டர்களை, ஒன்று 150 டொலர் வீதம் வாங்கியது. 1959இல் ஹோர்னி 'பிளேனர்' செய்முறையை உருவாக்கினார். அதன்மீது கட்டியெழுப்பிய ஒருங்கிணைந்த சுற்றுக்கு நொய்ஸ் அதே ஆண்டில் காப்புரிமை கோரினார். இன்றைய சில்லுகள் அனைத்தும் அந்த வழித்தோன்றல்களே. தாய்க்கம்பனியும் அதே ஆண்டில் சரத்தைப் பயன்படுத்தியது. ஒவ்வொருவருக்கும் சுமார் இரண்டரை இலட்சம் டொலர் பெறுமதியான பங்குகள் கிடைத்தன. அக்காலத்தில் அது பெருஞ்செல்வம். ஆனால் காலையில் உரிமையாளராக இருந்தவர்கள் மாலையில் ஊழியராயினர்.

அடுத்த தசாப்தத்தின் கதை இதன் விளைவு. கலிபோர்னியாவில் ஈட்டிய இலாபத்தை எங்கே செலவிடுவதென்பது கிழக்குக் கரையில் தீர்மானிக்கப்பட்டது. ஊழியர்களுக்குப் பரவலாகப் பங்குரிமை வழங்கவேண்டும் என்ற கோரிக்கை அங்கு எடுபடவில்லை. தாய்க்கம்பனித் தலைவர் ஜோன் கார்ட்டர் மவுண்டன் வியூ வந்தபோது, சீருடை அணிந்த சாரதி பகல் முழுதும் வெளியே காரில் காத்திருந்த காட்சியை டொம் வுல்ஃப் 1983இல் எழுதினார். வெயிலில் காத்திருந்த அந்தச் சாரதியைப் பொறியியலாளர் பலர் யன்னல்வழி பார்த்துக் கதைத்தார்களாம். 1961இல் லாஸ்ட், ஹோர்னி முதலிய நால்வர் விலகினர். 1968இல் நொய்ஸும் மூரும் விலகினர்.

அவர்கள் தொடங்கிய இன்ரெலுக்கு றொக் மாற்றத்தக்க தொகுதிக்கடன் மூலம் இரண்டரை மில்லியன் டொலரை மிக விரைவில் திரட்டினார். நிறுவுநர் இருவரும் தலா ஏறத்தாழ இரண்டரை இலட்சம் டொலர் இட்டனர்; முன்னைய சரத்து அவர்களுக்குத் தந்த தொகையின் அளவே அது என்பது தற்செயலாக இருக்கலாம். இன்ரெலில் தலைவர்களுக்கென ஒதுக்கிய வாகனத் தரிப்பிடம் கிடையாது. பொறியியலாளர்களுக்குப் பங்குத் தெரிவுரிமை பரவலாக வழங்கப்பட்டது. பிற்காலத்தவர் போற்றிய 'பள்ளத்தாக்குப் பண்பாடு' இதுவே. பெயர்சைல்டில் பட்டதை இன்ரெலில் தவிர்த்தார்கள் என்றே நான் கொள்கிறேன்.

ஆனால் பதிவேட்டில் இடம்பெறாதவர்களும் இருந்தனர். சில்லுகளைப் பொருத்தும் வேலை நுணுக்கமானது. மலிவான கைகளை வேண்டிநின்றது. 1963இல் பெயர்சைல்ட் ஹொங்கொங்கில் பொருத்தகம் திறந்தது. 1965இல் நியூ மெக்சிக்கோவின் ஷிப்றொக்கில், நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதியில் இன்னொன்றைத் தொடங்கியது. அங்கு வேலை செய்தோரில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களது கைத்திறன் கம்பள நெசவிலிருந்து வந்ததெனக் கம்பனி விளம்பரம் செய்தது. நெசவைப் புகழ்வது எளிது. பங்கு கொடுப்பது வேறு. தொழிற்சங்கங்கள் இத்துறைக்கு ஆகாதவை என்பதில் நொய்ஸ் கடைசிவரை உறுதியாக இருந்தார். எண்மராக ஒன்றுசேர்ந்து பேரம்பேசியே விடுதலை பெற்றவர் அவர் என்பதை நினைக்கும்போது இது எனக்கு விளங்காத முரணாகவே உள்ளது.

1975 பெப்ரவரியில், தொழிலாளர் பணிநீக்கத்தை அடுத்து, அமெரிக்க இந்தியர் இயக்கத்தினர் ஷிப்றொக் தொழிற்சாலையைக் கைப்பற்றி எட்டு நாட்கள் வைத்திருந்தனர். அவர்கள் வெளியேறிய பின்னர் பெயர்சைல்ட் அந்தத் தொழிற்சாலையை மீண்டும் திறக்கவில்லை.