பாலர் சபையும் ஒரு காசும்

நெசவுக்குப் பெயர்பெற்ற அனகாபுத்தூரில் வாழும் நமக்கு, பாலர் சபையின் காணிக்கை வழக்கமும் ஒரு நெசவு நகரத்துப் பெண்மணியிடமிருந்து வந்ததே என்பது மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

பிரான்சு நாட்டு லியோன், பட்டு நெசவுக்குப் புகழ்பெற்ற நகரம். அந்நகரத்துப் பவுலின் ஜாரிக்கோ என்னும் இளம்பெண், 1819-ஆம் ஆண்டளவில், பட்டாலைத் தொழிலாளரிடம் மறைபரப்புப் பணிக்கென வாரம் ஒரு 'சூ' திரட்டலானார். 'சூ' என்பது அந்நாட்டில் அன்று வழங்கிய சில்லறைக் காசு. பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பு; அவ்வளவுதான் நிர்வாகம்! 1822-இல் இதுவே விசுவாசப் பரப்புதல் சபையாயிற்று. அவரிடம் ஆலோசனை கேட்ட நான்சி நகர் ஆயர் போர்பின்-ஜான்சன், 1843-இல் பாலர் சபையை நிறுவினார். சிறுவர்கள் நாளும் ஓர் அருள் நிறை மந்திரம் சொல்வார்கள். மாதம் ஒரு சூ போடுவார்கள். சீன தேசத்துக் குழந்தைகளை எண்ணித் தொடங்கிய இச்சபையை, 1922-இல் பதினோராம் பத்திநாதர் பாப்பிறைக்குரிய சபையாக உயர்த்தினார்.

காசு ஏன் இத்தனை சிறியது? ஏழை வீட்டுப் பிள்ளையும் கூசாமல் கொடுக்கலாமே!

இன்றோ பல பங்குகளில், பிள்ளைகளிடம் டிக்கெட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, அதிகம் விற்றவருக்குப் பரிசளிக்கிறோம். தொகை பெருகத்தான் செய்கிறது. ஆனால் கொடுப்பவர்கள் அப்பாவும் சித்தப்பாவும். மிட்டாய்க் காசை மிச்சம் பிடித்த குழந்தையை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. வருகிற தவக்காலத்திலாவது, யார் உண்டியலில் எவ்வளவு என்று வாசிக்காமல், எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டும்படி நம் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.